கதீட்டர் எடுத்த பிறகு வரும் மாதங்கள்

அமெரிக்காவின் அன்றைய பாதுகாப்புத் துறை அமைச்சர் லாயிட் ஆஸ்டினுக்கு 2023 டிசம்பர் 22 அன்று புரோஸ்டேட் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 70. நோய் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டிருந்ததால், வாஷிங்டனை ஒட்டியுள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையிலிருந்து மறுநாளே வீடு திரும்பினார். புத்தாண்டு அன்று கடுமையான வயிற்றுவலியும் இடுப்பு, கால் வலியும் வந்து, ஆம்புலன்ஸில் மீண்டும் அங்கேயே கொண்டுபோனார்கள். சிறுநீர்த் தொற்று ஏற்பட்டிருந்தது. வயிற்றுக்குள் திரவம் சேர்ந்து சிறுகுடலின் வேலையும் தடைப்பட்டிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். அவர் மருத்துவமனையில் இருப்பதே ஜனவரி 4 வரை அன்றைய ஜனாதிபதி பைடனுக்குத் தெரியாது. என்ன நோய் என்பது 9ஆம் தேதிதான் தெரியவந்தது.

அவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தவரும் வெளியே சொல்லத் தயங்கிய நோய் இது. நம் வீடுகளில் "அப்பாவுக்கு யூரின்ல ஒரு சின்ன ஆபரேஷன்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் அதோடு நின்றுவிடும். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் படுகிற சிரமங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை, காலப்போக்கில் குறைபவை. யாரும் முன்பே சொல்லி வைக்காததால்தான் அவை பயமாகவும் அவமானமாகவும் ஆகிவிடுகின்றன.

எடுத்தது என்ன, தைத்தது என்ன

புரோஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால், நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. சிறுநீர் வெளியேறும் பாதை அதன் நடுவேதான் போகிறது. புற்றுநோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தால், சுரப்பியை முழுவதுமாக, ஒட்டியுள்ள விந்துப்பைகளோடு சேர்த்து எடுத்துவிடுவது ஒரு முக்கியமான சிகிச்சை. சுரப்பி போனதும் நடுவே பாதை அறுந்துவிடுகிறது. ஆகவே சிறுநீர்ப்பையின் வாயைக் கீழே கொண்டுவந்து, மிச்சமிருக்கும் சிறுநீர்த் தாரையோடு சுற்றிலும் தைத்து இணைக்கிறார்கள்.

1982இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ், விறைப்புக்குக் காரணமான நரம்புகளைக் காப்பாற்றியபடியே சுரப்பியை எடுக்கும் முறையைச் செய்துகாட்டினார். 2000க்குப் பிறகு ரோபோ உதவியுடன் சிறு துளைகள் வழியே செய்யும் முறை பரவியது. டெட்ராய்ட்டில் அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் மணி மேனன். புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்தவர். எந்த முறையில் செய்தாலும் அந்த வட்டத் தையல் ஆறியாக வேண்டும். அதுவரை சிறுநீர் தையலின் மேல் அழுத்தாமல் வடிவதற்கும், பாதை ஒட்டிப்போகாமல் இருப்பதற்கும்தான் கதீட்டர் என்னும் டியூப்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வயதானால் வரும் சாதாரண புரோஸ்டேட் வீக்கத்துக்கும் ஆபரேஷன் உண்டு. அதில் தாரை வழியாகவே கருவி விட்டு, சுரப்பியின் உட்பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் டியூப் எடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கு ரெண்டே நாள்ல எடுத்துட்டாங்களே" என்று சொன்னால் அது வேறு ஆபரேஷன். புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதும் எடுத்தவருக்குப் பொதுவாக 7 முதல் 14 நாள் வரை கதீட்டர் இருக்கும். தையலின் நிலையைப் பொறுத்துச் சிலருக்கு இன்னும் சில நாள் கூடலாம்.

டியூபோடு வீட்டில்

சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் முனையில் ஒரு சிறு பலூன் இருக்கிறது. அதில் கிருமி நீக்கிய நீரை நிரப்பியிருப்பார்கள். டியூப் நழுவி வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். 1930களில் ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கிய அமைப்பு இது. இன்றும் அவர் பெயரால்தான் ஃபோலி கதீட்டர் என்கிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது, டியூபின் வெளிமுனையில் மாட்டியிருக்கும், சிறுநீர் சேரும் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. இதில்தான் அதிகம் தவறுகிறோம். ஆட்டோவில் ஏறியதும் பையை மடியில் வைத்துக்கொள்கிறோம். நோயாளி நடக்கும்போது உதவிக்கு வருகிறவர் பையை மார்பு உயரத்தில் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறார். அப்போது பையிலுள்ள சிறுநீர் திரும்ப உள்ளே போகிறது. தொற்றுக்கு அதுவே வழி. பையைத் தரையிலும் வைக்கக் கூடாது. கட்டில் சட்டத்தில், படுத்திருப்பவரின் இடுப்புக்குக் கீழே மாட்டுங்கள். முக்கால் பங்கு நிரம்புவதற்குள் காலி செய்யுங்கள்; காலி செய்வதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டியூபைத் தொடையில் ஒட்டி வைத்திருக்கும் பட்டையை அவிழ்க்காதீர்கள். இழுபட்டால் உள்ளே தையலும் இழுபடும். இந்த நாட்களில் பேண்ட்டைவிட லுங்கியும் வேட்டியும்தான் வசதி.

தினமும் குளிக்கலாம். டியூப் உள்ளே நுழையும் இடத்தைச் சாதாரண சோப்பும் தண்ணீரும் கொண்டு, உடலிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்தால், முடித்ததும் மறக்காமல் பழையபடி முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்படியே விட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும்.

நடந்தாலோ முக்கினாலோ சிறுநீர் லேசாகச் சிவக்கலாம். டியூபைச் சுற்றிச் சில சொட்டுகள் கசியலாம். சிறுநீர்ப்பை அந்நியப் பொருளை வெளியே தள்ளப் பார்ப்பதால் அடிவயிறு சுண்டி இழுக்கும். இதற்கு மாத்திரை உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீர் நிறையக் குடித்து, சிறுநீர் வெளிர் நிறத்தில் போனால் நல்லது. இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பார்லித் தண்ணீர் குடித்தால் தவறில்லை. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று கஷாயமும் சூரணமும் சேர்க்க இது நேரமில்லை.

மலச்சிக்கல் வரவிடக் கூடாது. மலக்குடல் தையலுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதனால் எனிமாவோ ஆசனவாயில் வைக்கும் மருந்தோ எதுவாக இருந்தாலும், அறுவை சிகிச்சை செய்த டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது. மலம் இளக வாய்வழி மருந்து எழுதிக் கொடுப்பார்கள். மேற்கத்திய கழிப்பறை இருந்தால் இந்த வாரங்களில் அதையே பயன்படுத்துங்கள்.

படுத்தே கிடப்பதும் ஆபத்து. இடுப்புப் பகுதியில் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். வீட்டுக்குள்ளேயே அடிக்கடி நடக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அது உடனடி அவசரம்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டியூப் தானாக வெளியே வந்துவிட்டாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, அருகிலுள்ள கிளினிக்கில் புதிதாக ஒன்றை மாட்டச் சொல்லாதீர்கள். ஆறாத தையலில் கண்மூடித்தனமாகச் செலுத்தினால் தையலே கிழிந்துவிடும். அறுவை சிகிச்சை செய்த யூராலஜிஸ்டுக்கு நள்ளிரவானாலும் போன் செய்யுங்கள். வேறு மருத்துவமனைக்குத்தான் போக முடியும் என்றால், "இத்தனை நாளுக்கு முன்னால் புரோஸ்டேட்டை முழுவதும் எடுத்திருக்கிறார்கள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

எடுக்கும் நாள்

பலருக்கு ஆபரேஷனைவிட இந்த நாளைப் பற்றித்தான் பயம். உண்மையில் நடப்பது மிகக் குறைவு. சிலருக்கு முதலில் சிறுநீர்ப்பையில் மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்து, தையலில் கசிவு இல்லை என்று உறுதிப்படுத்துவார்கள். பிறகு பக்கக் குழாயில் சிரிஞ்சு வைத்துப் பலூனில் உள்ள நீரை உறிஞ்சி எடுப்பார்கள். மூச்சை இழுத்து விடச் சொல்லி, அதற்குள் டியூபை வெளியே எடுத்துவிடுவார்கள். சில விநாடி எரிச்சல், ஒரு கூச்சம், அவ்வளவுதான். வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்று யாரும் முயலக் கூடாது.

அன்று மாற்று உடையும், பெரியவர்களுக்கான பேடுகளும் கொண்டுபோங்கள். டியூப் வந்த மறுகணமே எழுந்து நின்றால் சிறுநீர் தானாக ஒழுகும். இதைப் பலருக்கும் யாரும் சொல்லி வைப்பதில்லை. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அங்கேயே உடைந்துபோகிறார்கள். கெட்டுப்போகவில்லை. அன்று மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது, சிறுநீர் வெளியே வருகிறதா என்பதைத்தான். சிறுநீர் கழித்த பின் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்தபின் சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு உப்பினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

கசிவு ஏன், எத்தனை நாள்

சிறுநீரை அடக்க நமக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. சிறுநீர்ப்பையின் வாயில் இருப்பது, நாம் நினைக்காமலேயே மூடியிருப்பது. சுரப்பியை எடுக்கும்போது அதன் பெரும்பகுதி போய்விடுகிறது. மிஞ்சுவது கீழே இருக்கும் தசை வளையம். இதுவரை துணைக்கு மட்டும் இருந்த அது, இனி முழு வேலையையும் பழகிக்கொள்ள வேண்டும். பழக மாதங்கள் ஆகும்.

குணமாவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இரவில், படுத்திருக்கும்போது கசிவு நிற்கும். அடுத்து உட்கார்ந்திருக்கும்போது. நாற்காலியிலிருந்து எழுவது, இருமல், தும்மல், பொருள் தூக்குவது, இவற்றில் வரும் கசிவுதான் கடைசியில் நிற்கும். காலையில் நன்றாக இருந்தவருக்கு மாலையில் தசை களைத்துக் கசிவு கூடும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 12 மாதங்களில் கசிவு நிற்கும், அல்லது ஒரு சின்ன பேடோடு சமாளிக்கும் அளவுக்குக் குறைந்துவிடும்.

நாளுக்கு எத்தனை பேட் ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சமையலறைத் தராசில் நனைந்த பேடையும் உலர்ந்த பேடையும் எடை போட்டால் இன்னும் துல்லியம்: 1 கிராம் வித்தியாசம் என்றால் 1 மில்லி கசிவு. நாள் கணக்கில் தெரியாத முன்னேற்றம் மாதக் கணக்கில் தெரியும்.

கசிகிறதே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் நிறைய. அடர்த்தியான சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி, அவசரத்தைக் கூட்டும். குறைக்க வேண்டியது காபி, டீ, மதுவை. திருமணத்துக்கோ கோயிலுக்கோ போவதை நிறுத்தவும் வேண்டாம். உள்ளாடைக்குள் வைக்கும் ஆண்களுக்கான பேடுகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. வெளியே தெரியாது.

தசைப் பயிற்சி

1948இல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர், பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்காக எழுதிய பயிற்சி இது. இன்று ஆண்களுக்கும் அதுவே முதல் சிகிச்சை. ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொள்வது நல்லது. டியூப் உள்ளே இருக்கும்வரை நிறுத்திவைத்து, எடுத்தபின் மீண்டும் தொடங்க வேண்டும்.

நாலு பேர் நடுவே வாயு பிரிய வரும்போது அடக்குவீர்களே, அந்தத் தசைதான். சரியாக இறுக்கினால் ஆணுறுப்பு லேசாக உள்ளிழுக்கும், விரைகள் சற்று மேலெழும். வயிறு, தொடை, பிட்டம் எதுவும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. 5 விநாடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். இப்படி 10 முறை, நாளுக்கு 3 வேளை. சில வாரங்களில் 10 விநாடி வரை கூட்டலாம். முதலில் படுத்தபடி செய்து, பிறகு உட்கார்ந்தும் நின்றும் செய்யுங்கள். அதைவிட முக்கியம், எழுவதற்கும் தும்முவதற்கும் ஒரு கணம் முன்னால் இறுக்கிக்கொள்வது. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். தவறான தசையை இறுக்குகிறவர்கள் பலர். சரியாகச் செய்கிறோமா என்று இடுப்புத் தசைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது பெரும் உதவி.

முதல் 6 வாரங்களுக்குக் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. சைக்கிளும் பைக்கும் வேண்டாம்.

ஓராண்டு கடந்தும் பேட் மேல் பேட் நனைகிறது என்றால் அதைத் தலைவிதி என்று ஏற்க வேண்டியதில்லை. தாரையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை வைக்கும் அறுவை சிகிச்சையும், செயற்கை வால்வு பொருத்தும் சிகிச்சையும் உண்டு. மாறாக, சிறுநீரின் ஓட்டம் நாளுக்கு நாள் மெலிந்து சொட்டுச் சொட்டாக வந்தால், தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கலாம். அதையும் சரிசெய்ய முடியும்.

கணவன் மனைவிக்கு

விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டிச் செல்கின்றன. காப்பாற்றியிருந்தாலும் அவை அதிர்ச்சியிலிருந்து மீள 18 முதல் 24 மாதம் வரை ஆகலாம். விந்துப்பைகளை எடுத்துவிட்டதால் உச்சத்தில் விந்து வராது. உச்ச உணர்வு இருக்கும். இயற்கையாகக் குழந்தை பெற முடியாது. மாத்திரை, ஊசி, வெற்றிடக் கருவி என்று உதவிகள் இருக்கின்றன. ஆனால் சில்டெனாஃபில் வகை மாத்திரைகளைத் தாமாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.

இதைக் கேட்க வெட்கப்பட்டுக் கணவர் ஒதுங்கிப் படுப்பதும், தன்மேல் விருப்பம் போய்விட்டது என்று மனைவி நினைத்துக்கொள்வதும் சேர்ந்து ஒரு வீட்டை மௌனமாக்கிவிடும். மறு பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.

பி.எஸ்.ஏ.யும் பிள்ளைகளும்

எடுத்த சுரப்பியின் பயாப்ஸி அறிக்கையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நோய் வெட்டிய விளிம்புவரை வந்திருந்ததா, சுரப்பிக்கு வெளியே பரவியிருந்ததா என்பது அதில்தான் இருக்கும். சுமார் 6 வாரத்தில், புரோஸ்டேட் உண்டாக்கும் புரதமான பி.எஸ்.ஏ.யின் அளவை அறிய ரத்தப் பரிசோதனை செய்வார்கள். சுரப்பியே இல்லாததால் அளவு கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். பின்னாளில் ஏறி மில்லிக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால் நோய் திரும்பியிருக்கலாம் என்று பொருள். அப்போதும் கதிர்வீச்சு மூலம் குணப்படுத்த வாய்ப்பு இருக்கிறது. சீக்கிரம் பிடித்தால் அந்த வாய்ப்பு அதிகம். கசிவு நின்றுவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று இந்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புரோஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தால், அந்த வீட்டின் மற்ற ஆண்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. அவர்கள் 45 வயதிலேயே பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். அதற்கு, "யூரின்ல சின்ன ஆபரேஷன்" என்று சொல்லி வைத்த அப்பா, நோயின் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்க வேண்டும்.