நீச்சல் தடாகத்தின் வடிகட்டி

நீச்சல் தடாகத்தின் நீர் அடிவரை தெளிந்திருப்பதைக் காண்பவர், அத்தெளிவு இயல்பாக அமைந்தது என்றே எண்ணிவிடுதல் கூடும். உண்மையில் அது நாள்தோறும் உண்டாக்கப்படுவது. ஆறும் கடலும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்வன. தடாகத்து நீருக்கோ அந்த வழி இல்லை. நீராடுவோரின் வியர்வை, உடலெண்ணெய், உதிர்ந்த தோல், தலைமயிர், காற்றோடு வரும் தூசி ஆகிய யாவும் அதிலேயே தங்குகின்றன. அவற்றுட் கரையாதனவற்றை அகற்றும் பொறுப்பு, கண்மறைவான ஓர் அறையிலே நிற்கும் வடிகட்டியைச் சார்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் பொதுக் குளியல் நிலையங்களில் வேறொரு வழக்கம் இருந்தது. தடாகத்தை நிரப்புவர், சில நாள் மக்களை நீராட விடுவர், அழுக்கேறியதும் முழுவதையும் வெளியேற்றி மீண்டும் நிரப்புவர். புதுநீர் நிரப்பிய நாளிற் கட்டணம் கூடுதலாகவும், நாள் செல்லச் செல்லக் குறைவாகவும் இருந்தது. ஆகவே ஏழைகளுக்கு வாய்த்தது பெரும்பாலும் கடைசி நாளின் நீரே. இருபதாம் நூற்றாண்டில், ஒரே நீரைப் பம்பியினால் இழுத்து வடிகட்டி, குளோரீன் சேர்த்து, மீண்டும் தடாகத்துக்கே செலுத்தும் முறை பரவியது. அதன்பின் தெளிந்த நீர் எல்லா நாளுக்கும் உரியதாயிற்று.

இத்தெளிவு அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஃபோல் றிவர் நகரில், பொதுத் தடாகமொன்றில் மூழ்கிய பெண்மணி ஒருவரின் உடல், நீர் கலங்கியிருந்தமையால், இரண்டு நாள்வரை எவர் கண்ணுக்கும் படாமற் கிடந்தது. அந்நாட்களிலும் மற்றையோர் அங்கே நீராடிக்கொண்டிருந்தனர். தடாகத்தின் மிக ஆழமான இடத்திலுள்ள வடிகால் மூடி கரையில் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்னும் விதியின் பொருள் இதனால் விளங்கும். அது தெரியாவிடின் தடாகத்தை மூடிவிடுதலே முறை.

மற்றொரு காரணம் நோய். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் வயிற்றோட்டக் கிருமி, வழக்கமான அளவிற் குளோரீன் இட்ட நீரிலும் ஒரு வாரத்துக்கு மேலாக உயிர்வாழ வல்லது. மருந்துக்கு அடங்காத இக்கிருமியைத் தடுப்பதில் வடிகட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலே குடிநீர் வழியாக இக்கிருமி பரவி, ஏறக்குறைய 4 இலட்சம் மக்கள் நோயுற்றனர். அந்நகரின் குடிநீர் நிலையத்தில் வடிகட்டிகள் இருந்தன. ஆயின் அந்நாட்களில் வடிகட்டி வந்த நீரின் கலங்கல் வழக்கத்தினும் உயர்ந்திருந்தது. வடிகட்டி இருத்தல் வேறு, வடிகட்டுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தடாகங்களிற் பெரிதும் வழங்குவது மணல் வடிகட்டி. மூடிய கலமொன்றினுள் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் பருமனுள்ள படிகக்கல் மணல் நிரப்பப்பட்டிருக்கும். நீர் மேலிருந்து அமுக்கத்துடன் இறங்கி, மணலினூடே சென்று, அடியிலுள்ள துளைக்குழாய்களின் வழியாக வெளியேறும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால், 20 முதல் 40 கூறளவுள்ள துகள்களைத் தூய மணல் பிடித்துக்கொள்ளும். முற்கூறிய கிருமியோ 4 முதல் 6 கூறளவே உள்ளது. ஆதலால் அது தனியே வரின் மணலின் இடுக்குகளில் எளிதாக நழுவிவிடும்.

இதற்குப் பரிகாரம் தமிழ் மக்கள் நெடுங்காலம் அறிந்ததே. கலங்கிய நீர் கொண்ட குடத்தின் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையை உரைத்தால், நுண்ணிய சேற்றுத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியிற் படியும். தடாகங்களில் அதே பணிக்குப் படிகாரம் போன்ற உப்புக்களைச் சிறிதளவாக நீரிற் சேர்ப்பர். தனித்து நழுவக்கூடிய நுண்துகள்கள் திரண்டு பருத்தபின் மணலிற் சிக்கிக்கொள்ளும்.

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. சற்றே அழுக்கேறிய மணல், இப்போதுதான் கழுவிய மணலினும் நன்றாக வடிகட்டுகின்றது. பிடிபட்ட துகள்கள் மணலின் இடுக்குகளைச் சுருக்கிவிடுவதே காரணம். ஆகவே நாள்தோறும் கழுவுவது தூய்மைக்கு உதவுவதாகாது, நீரும் வீணாகும். அதற்காக அளவுக்கு மீறி அழுக்கேற விட்டாலும் நீரின் ஓட்டம் குன்றிவிடும். எப்போது கழுவுவது என்பதைச் சொல்ல அமுக்கமானி இருக்கின்றது.

மணலைக் கழுவிய உடனே அமுக்கமானி காட்டும் எண்ணைக் குறித்து வைத்தல் வேண்டும். அதுவே அந்த வடிகட்டியின் இயல்பான அளவு. அதற்குமேல் சதுர அங்குலத்துக்கு 8 முதல் 10 இறாத்தல் வரை அமுக்கம் ஏறியதும் கழுவும் வேளை வந்தது என்று கொள்ளலாம். அப்போது பம்பியை நிறுத்தி, வழிமாற்றியைத் திருப்பி, நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்துவர். மணல் மிதந்து குலுங்கி, அழுக்கு வடிகாலுக்குச் செல்லும். பார்வைக் கண்ணாடியில் நீர் தெளிந்து தோன்றும்வரை இது நடைபெறும். பம்பி ஓடும்போது வழிமாற்றியைத் திருப்புதல் ஆகாது.

அமுக்கம் வழக்கத்தினும் தாழ்ந்திருந்தால் குறை வடிகட்டியில் அன்று. பம்பிக்கு முன்னுள்ள குப்பைக் கூடை அடைபட்டிருத்தல் கூடும். பம்பி நின்ற பின்னும் முள் பூச்சியத்துக்குத் திரும்பாவிடின் அமுக்கமானியே பழுதுற்றது என்க.

இனி, மணலை மாற்றும் காலம் எது? ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நன்கு பேணிய மணல் அதனினும் நெடுங்காலம் உழைக்கும். பேணாத மணல் அதற்கு முன்பே கெடும். ஆதலின் நாட்காட்டியைக் காட்டிலும் அறிகுறிகளை நம்புவதே அறிவுடைமை.

கழுவிய பின்னும் அமுக்கம் பழைய அளவுக்கு இறங்காமை முதல் அறிகுறி. முன்பு வாரம் ஒருமுறை கழுவிய வடிகட்டி இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவுமாறு கேட்பதும் இதன்பாற்படும். உடலெண்ணெய் படிந்தோ, கடின நீரின் சுண்ணாம்பினால் இறுகியோ மணல் கட்டிபட்டிருக்கும்.

இதற்கு மாறான அறிகுறியும் உண்டு; அதுவே மிகவும் ஏமாற்றுவது. அமுக்கம் ஏறுவதேயில்லை, அமுக்கமானியைப் பார்த்தால் எல்லாம் நலம்போலத் தோன்றும். ஆயினும் நீர் நாளுக்கு நாள் மங்குகின்றது. மணலிலே நீர் தனக்கென ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு, வடிகட்டப்படாமலே வெளியேறுவதால் இவ்வாறு நேரலாம். கலத்தைத் திறந்து பார்த்தால் மணற்பரப்பிற் குழிகளும் வெடிப்புக்களும் தோன்றும். கையிலே அள்ளிய மணல் உதிர்ந்து விழவேண்டும். பிசுபிசுத்து உருண்டையாக நின்றாலும், கல்லாக இறுகியிருந்தாலும் அதனை மாற்றுதலே தக்கது.

தடாகத்தின் அடியில் மணல் காணப்படின், பலர் மணலையே குறை கூறுவர். உண்மையில் பெரும்பாலும் அடியிலுள்ள துளைக்குழாய் உடைந்திருக்கும். அதனைச் செப்பனிடாமற் புது மணல் இட்டால் அதுவும் தடாகத்துக்கே சென்று சேரும். புது மணல் இடும்போது கலத்தின் பாதிக்கு நீர் நிரப்பிக்கொள்வர். மணல் விழும் வேகத்தில் குழாய்கள் முறியாதிருத்தற்கு அது காப்பு. கடற்கரை மணல் இதற்கு உதவாது. அதன் பருமன் ஒருசீரானதன்று. சிப்பிச் சுண்ணாம்பும் கலந்திருக்கும்.

சிறு தடாகங்களில் மடிப்புத் துணியாலான உருளை வடிகட்டிகள் வழங்குகின்றன. அவற்றை வெளியே எடுத்து நீர் பீய்ச்சிக் கழுவலாம். எண்ணெய் படிந்திருப்பின் முதலிற் சவர்க்கார வகையாலே அதனைப் போக்கவேண்டும்; அமிலத்தை முதலில் இட்டால் எண்ணெய் துணியிலேயே நிலைத்துவிடும். மடிப்புக்கள் நைந்தாலோ, முனை மூடிகள் வெடித்தாலோ, ஊறவைத்துக் கழுவிய பின்னும் அமுக்கம் இறங்காவிட்டாலோ புதியது வாங்கவேண்டும்.

எவ்வகை வடிகட்டியாயினும் அதனைத் திறக்குமுன் பம்பியை நிறுத்தி, உள்ளிருக்கும் அமுக்கத்தை முற்றாக வெளியேற்றல் இன்றியமையாதது. அடைபட்ட காற்று மூடியைத் தூக்கி எறிந்து உயிர்ச்சேதம் விளைத்ததுண்டு.

வடிகட்டி செவ்வையாக இருந்தாலும் அது உடனடியாகப் பயன் தருவதில்லை. 25 மீற்றர் நீளமும் 12.5 மீற்றர் அகலமும் சராசரி 1.5 மீற்றர் ஆழமும் உள்ள தடாகம் ஏறக்குறைய 4,69,000 லீற்றர் நீர் கொள்ளும். அத்தனை நீரையும் 6 மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டியினூடே செலுத்தினாலும், வடிகட்டிய நீர் தடாகத்து நீரோடு மீண்டும் கலப்பதால், உண்மையிற் கடந்து வந்தது நூற்றுக்கு 63 பங்கே. இரண்டாம் சுற்றில் 86, மூன்றாம் சுற்றில் 95, நான்காம் சுற்றில் 98 பங்கு என்று ஏறும். ஒருநாட் கலங்கல் நீங்க ஒருநாட் பொழுது வேண்டும் என்பது இக்கணக்கின் பொருள். நீர் மங்கிய பின் வடிகட்டியைத் தேடிச் செல்பவர் காலம் தாழ்த்தியவரே ஆவார்.

ஆகவே தடாகத்தைக் காப்பவருக்கு வேண்டியது ஒரு குறிப்பேடு. காலையிலும் மாலையிலும் அமுக்கம் எவ்வளவு, கழுவிய நாள் எது, கழுவிய பின் எவ்வளவு இறங்கியது, ஆழத்து வடிகால் மூடி தெளிவாகத் தெரிந்ததா என்னும் நான்கினையும் அதில் எழுதிவரல் வேண்டும். சில மாதங்களின் குறிப்பைப் புரட்டிப் பார்த்தால், கழுவும் இடைவெளி சுருங்கி வருவதும், அமுக்கம் இறங்க மறுப்பதும் தாமே புலப்படும். மணலை மாற்றும் நாளை அக்குறிப்பேடே முன்கூட்டி அறிவித்துவிடும்.