மூச்சு விடும் வேர்கள்

போன மாதம் அத்தை வீட்டாரோடு சிதம்பரம் பக்கத்திலிருக்கும் பிச்சாவரம் காட்டுக்குப் போனேன். படகில் போகும்போது சேற்றில் பென்சில் நட்டு வைத்த மாதிரி ஏதோ நிறைய நீட்டிக்கொண்டிருந்தது.

"செடியா அண்ணே?" என்றேன்.

"வேரும்மா" என்றார் படகுக்கார அண்ணன்.

அது வெண்கண்டல் மரத்தின் வேர். உப்புச் சேற்றுக்குள் காற்று போகாது. அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது!

சுரபுன்னை விதையோ தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல் தொங்குகிறது. உங்களுக்குக் காட்ட ஒன்றைப் பறித்துவிட்டேன். அண்ணன் திட்டவில்லை.

"2004 சுனாமி வந்தப்ப நான் சின்னப் பையன். எங்க ஊரு காட்டுக்குப் பின்னால. மரமும் வேரும் தடுத்ததால தண்ணி வேகம் கொறைஞ்சுதாம்மா வந்துச்சு" என்றார்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கரையோரச் சேற்றில் அதை ஊன்றிவிட்டு வந்தேன். அதனால் உங்களுக்குப் படம் மட்டும்தான் வரைந்திருக்கிறேன்.

- 9 'ஆ' பிரிவு மாணவி