காணொளியும் ஜூடோப் பயிற்சியும்

1882 ஆம் ஆண்டில் யப்பானியப் பேராசான் கானோ ஜிகோரோ நிறுவிய ஜூடோக் கலையில், எறிதல் மூன்று படிகளையுடையது. எதிராளியின் நிலையைக் குலைத்தல் குசுஷி, அதற்கேற்பத் தன்னுடலைப் பொருத்துதல் ட்சுகுரி, வீழ்த்துதல் காக்கே. மாத்தளை மாவட்டத்து வில்கமுவ போன்று பெருநகர்க்குச் சேய்மையிலுள்ள ஊர் மாணவனும் இன்று ஒலிம்பிக் போட்டிகளைக் காணொளியிற் காணலாம். ஆயின் கண்ணைக் கவர்வது மூன்றாம் படியே. வெற்றிக்கு வித்தாவதோ முதற் படி. அது பெரிதும் கையால் உணரப்படுவது. ஆதலின் காட்சியை மெதுவாக ஓட்டி, வீழ்ந்தவனது எடை எப்பாதத்திற் சாய்ந்ததென முதலில் நோக்குதல் வேண்டும். பின்னர், துணைவனை எறியாது நுழைவை மட்டும் பலமுறை பழகும் உச்சிகோமியால் அதனை உடலிற் பதித்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னர், விழும் முறையாகிய உக்கெமியை ஆசிரியரிடமே கற்றல் இன்றியமையாதது. தலை தரையில் மோதின் உயிர்க்கும் ஊறு நேரலாம். விழுபவனைத் திருத்தும் ஆற்றல் காணொளிக்கு இல்லை.