இலங்கைச் சட்டத்தை மற்ற நாடுகள் எப்படிக் கேள்வி கேட்கின்றன?

ஒரு நாட்டின் பயங்கரவாத ஒழிப்புச் சட்டம் ஒழுங்கா இருக்கான்னு இன்னொரு நாடு கேட்கலாமா? கேட்கலாம். அதற்கென்றே முறைகள் இருக்கின்றன. ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஒரே எடை கிடையாது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

1979இல் தற்காலிகமாக வந்த சட்டம் அது. 1982இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். 2022 வரை, அமைச்சர் உத்தரவிட்டால் குற்றப்பத்திரிகை இல்லாமலே 18 மாதம் வரை அடைத்து வைக்க முடிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்க வேண்டியதும் கைதிதான். போர்க்காலத்தில் இதில் அதிகம் மாட்டியவர்கள் தமிழர்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம்கள் பலரும் மாட்டினார்கள்.

முதல் வழி, ஜெனீவாவில் நடக்கும் உலகளாவிய காலமுறை மீளாய்வு. ஏறக்குறைய நாலரை வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டுக்கும் முறை வரும். அரசின் அறிக்கை, ஐ.நா. அமைப்புகளின் தொகுப்பு, தொண்டு நிறுவனங்கள் தந்தவற்றின் சுருக்கம் என மூன்று ஆவணங்களை வைத்து மூன்றரை மணி நேரம் பேசுவார்கள். மற்ற நாடுகளின் பரிந்துரைக்கு 'ஏற்கிறோம்' என்று சொல்லலாம், இல்லை 'குறித்துக்கொண்டோம்' என்று சொல்லலாம். இரண்டாவது, நம்ம தாலுகா ஆபீசில் மனுவை வாங்கி வைக்கிற மாதிரிதான். இந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லி 2017லும் கேட்டார்கள், 2023லும் கேட்டார்கள்.

இரண்டாவது வழி, வியாபாரம். ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச்சலுகை வேண்டுமானால் 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்த வேண்டும். இல்லையென்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதம் திரும்பக் கொடுத்தது. சட்டத்தை மாற்றுவதாக இலங்கை வாக்குக் கொடுத்திருந்தது. மாற்றவில்லை. 2021 ஜூனில், சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கச் சொல்லி ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 2022 மார்ச்சில் சட்டத் திருத்தம் வந்தது: 18 மாதம் 12 ஆனது. வாக்குமூலப் பிரிவு அப்படியே இருந்தது.

ஆக, காசு பேசினால் கொஞ்சம் அசைகிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. சலுகை போனால் முதல் அடி ஆடைத் தொழிலுக்கு. அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். சட்டம் போட்டது அவர்கள் இல்லை.

அதனால், "பரிந்துரைகளை அரசு ஏற்றது" என்று செய்தி வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். எதை ஏற்றது, எதைக் குறித்துக்கொண்டது, சட்டத்தில் எந்தப் பிரிவு மாறியது என்று பாருங்கள். உள்ளே இருக்கிறவருக்கு அந்தப் பிரிவுதான் கணக்கு.