புதையலைக் காக்கும் பூதம் எது?

புதையல் இருக்கும் இடத்தைப் பூதம் காக்கும் என்று ஊர்ப்புறங்களில் சொல்வார்கள். பூதத்தை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் பொந்தின் ஓரம் கடப்பாரையைப் போட்டதும் 'உர்' என்று கிளம்பி வரும் கதண்டுக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் உண்டு. அகப்பட்டவர்களைக் கேட்டால், பூதமே தேவலை என்பார்கள்!

ராயலசீமையில் 'குப்த நிதுலு' என்ற பேச்சு ஓய்வதே இல்லை. பழைய கோட்டை, பாழடைந்த கோவில், ஆள் நடமாட்டம் இல்லாத குன்று என்று மெட்டல் டிடெக்டர் கருவியுடன் அலையும் கும்பல்கள் போலீசில் சிக்குவதும் உண்டு. கருவியைப் பிடிப்பவர் ஒருவர். தோண்டுகிறவர் கூலிக்கு வந்தவர். கொட்டு வாங்குவது பெரும்பாலும் தோண்டுகிறவர்தான்.

அதே கருவியை நேர்மையான வேலைக்குத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2003 அக்டோபர் 1 ஆம் தேதி, பிரம்மோற்சவத்துக்காகத் திருமலைக்குச் சென்ற அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் கார் அலிபிரி அருகே கண்ணி வெடியில் சிக்கியது. அவர் காயத்துடன் உயிர் தப்பினார். இத்தகைய ஆபத்தைத் தடுக்கத்தான் வெடிகுண்டுப் பிரிவுப் போலீசார் கருவியுடன் புதரையும் பாலத்து அடியையும் துழாவுகிறார்கள். மண்ணுக்குள் புதைந்த இரும்புக் குழாயைத் தேடும் தொழிலாளிக்கும் இந்தக் கருவி துணை. இவர்கள் அனைவருக்கும் பொதுவான தொல்லை, கொட்டும் பூச்சிகள்.

எங்கே இருக்கும்?

சேஷாசல மலைப் பக்கத்தில் முதலில் அஞ்ச வேண்டியது மலைத்தேனீ. பாறை விளிம்பு, உயர்ந்த மரக்கிளை, தண்ணீர்த் தொட்டி, பாலத்தின் அடிப்பாகம் ஆகிய இடங்களில் ஒரே பெரிய அடையாகத் தொங்கும். அடுத்தது குளவி. புதரிலும் சுவர் இடுக்கிலும் கூடு கட்டும். பெரிய குளவி இனமான கதண்டு மரத்திலும் கட்டும். மரப்பொந்திலும் மண் பொந்திலும் குடியிருக்கும்.

கருவி பிடிப்பவரின் கண் தரையில் இருக்கும். காதில் ஹெட்போன் இருக்கும். தலைக்கு மேல் தொங்கும் அடை தெரியாது, ரீங்காரமும் கேட்காது. கருவியின் தட்டு புதருக்குள் நுழைந்து கூட்டை இடித்துவிடும். ஆகவே ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. புது இடத்தில் கால் வைக்குமுன் இரண்டு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ஒரே துவாரத்துக்குள் பூச்சிகள் போவதும் வருவதுமாக இருந்தால், அந்த இடம் உங்களுடையது அல்ல. விலகிவிடுங்கள்.

வெளிர் நிற முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, தோளில் ஒரு துண்டு வேண்டும். கறுப்பு உடையைக் கண்டால் தேனீக்கு ஆத்திரம் அதிகம். சென்ட், ஜவ்வாது வாசனையும் அன்றைக்கு வேண்டாம்.

கிளம்பிவிட்டால்?

தேனீ கொட்டும்போது அதன் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். ஏறக்குறைய வாழைப்பழ வாசனை. 'எதிரி இங்கே இருக்கிறான், வாருங்கள்' என்று மற்றத் தேனீக்களுக்கு அது விடுக்கும் அழைப்பு. கையால் அடித்து நசுக்கினால் இன்னும் பத்து வரும்.

ஆகவே நின்று சண்டை போடக்கூடாது. துண்டால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, வழி தெரியும்படி மட்டும் கண்ணை விட்டு, நேராக ஓட வேண்டும். பத்தடி போதாது. வீடு, கார், பஸ் எது கிடைத்தாலும் உள்ளே புகுந்து கதவை மூடுங்கள். குளத்தில் குதிப்பது தவறு. தலை வெளியே வரும்வரை தேனீ மேலே சுற்றிக்கொண்டிருக்கும். நீச்சல் தெரியாதவருக்கு அதுவே யமன். வேலை இடத்தில் கூடு இருந்தால் நீங்களே தீப்பந்தம் எடுக்காமல், மேஸ்திரியிடம் சொல்லித் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள்.

கொட்டிய பிறகு

கொடுக்கைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், பிடுங்கக்கூடாது என்று பலர் சொல்வார்கள். 1996 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது. எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். கொடுக்கோடு ஒட்டிய விஷப்பை கழன்ற பிறகும் விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் உடனே எடுத்துவிடுங்கள். குளவியும் கதண்டும் கொடுக்கை விடுவதில்லை. ஒன்றே பல முறை கொட்டும்.

கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீர்த் துணியை வைக்கலாம். கையில் கொட்டியிருந்தால் மோதிரத்தை உடனே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு கழலாது. சுண்ணாம்பு தேடுவதிலும் மந்திரிப்பவரைத் தேடுவதிலும் நேரம் போக்கக்கூடாது. ஏனென்றால் சிலருக்கு ஒரே கொட்டு போதும். சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், குரல் கம்மல், மூச்சுத் திணறல், மயக்கம் வரும். முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிட முடியாது. அடுத்த முறை இப்படி ஆகலாம்.

இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. தொடையில் போடுவார்கள். தாமதம்தான் உயிரைக் குடிக்கிறது. அவரை நடக்க விடாதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். 108 க்குப் போன் செய்யுங்கள். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும், சித்தூரில் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன.

நிறையக் கொட்டு வாங்கியவர் தெம்பாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் அது ஆபத்தின் அறிகுறி.

தெலுங்கு சரளமாக வராத நம்மவர்கள் மூன்று சொற்றொடர்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். 'தேனெடீகலு குட்டாயி' என்றால் தேனீக்கள் கொட்டின. 'கந்திரீக குட்டிந்தி' என்றால் குளவி கொட்டியது. 'ஊபிரி ஆடட்லேது' என்றால் மூச்சு விட முடியவில்லை. இந்த மூன்றாவது சொற்றொடரைக் கேட்டால் யாரும் உங்களை வரிசையில் நிற்க வைக்க மாட்டார்கள்.

இன்னொரு கொடுக்கு

'ஒரு ராத்திரி வேலை, இரட்டைக் கூலி' என்று யாராவது கடப்பாரையுடன் கூப்பிட்டால் யோசியுங்கள். சந்திரகிரிக் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியின்றித் தோண்டுவது 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைந்தால் வனச் சட்டம் பாயும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டுவரை சிறை.

அது மட்டும் அல்ல. திருட்டுத்தனமாகத் தோண்டப் போனவனைக் கதண்டு கொட்டினால், கூட வந்தவர்கள் 108 ஐக் கூப்பிடுவார்களா? பிடிபட்டுவிடுவோம் என்று பயந்து, இருட்டில் விட்டுவிட்டு ஓடத்தான் பார்ப்பார்கள். ஊசி ஊரில் இருக்கும். உயிர் காட்டில் போகும்.

நியாயமான வேலைக்குப் போகிறவர் துண்டை எடுத்துக்கொண்டு, துணைக்கு ஆளோடு போகட்டும். புதையலுக்குக் கூப்பிடுகிறவரிடம், 'பூதம் இருக்கிறது, நான் வரவில்லை' என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் அல்ல.