பெரியப்பா வீட்டுப் பாட்டுப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரையிலிருந்து பெரியப்பாவின் போன்.

"டேய், பாட்டெல்லாம் போச்சுடா."

"எந்தப் பாட்டு பெரியப்பா?"

"எல்லாமேதான். கம்ப்யூட்டர் கடைப் பையன் வந்து பார்த்தான். ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்கிறான். சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போறானாம்."

எனக்குப் பகீரென்றது. "அவன் வந்தா உட்கார வெச்சு காபி கொடுங்க. கம்ப்யூட்டரை மட்டும் தொட விடாதீங்க. நான் கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. பெரியப்பா ரயில்வேயில் ரிடையர் ஆனவர். பொழுது போகாமல் 2016-ல் தன்னிடமிருந்த 180 கேஸட்டுகளையும் ஒவ்வொன்றாக டேப் ரிகார்டரில் ஓடவிட்டு, ஒயர் கொடுத்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். எட்டு மாத வேலை. அதில் சினிமாப் பாட்டுகள் போனால் போகட்டும், எங்கும் கிடைக்கும். ஒன்று மட்டும் கிடைக்காது. 1988 நவராத்திரிக்கு வீட்டு கொலுவில் பெரியம்மா பாடியது, 22 நிமிஷம். பெரியம்மா போய் நான்கு வருஷமாகிறது. அசல் கேஸட்டில் பூஞ்சை பிடித்து, நாடா அறுந்து, அதுவும் போய்ச் சேர்ந்தாயிற்று. உலகத்தில் அந்தக் குரலுக்கு இருக்கும் ஒரே விலாசம் அந்த மாடி ரூம் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க். அதைத்தான் பையன் ஃபார்மட் பண்ணுகிறேன் என்கிறான்!

ஏற்பாடு இதுதான். பாட்டெல்லாம் மாடிக் கம்ப்யூட்டரில். அது 'மீடியா ஸர்வர்', அதாவது கேட்டவருக்குப் பாட்டை எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் கீப்பர். கீழே ஹாலில் ஒரு லாப்டாப், இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஈஸிசேர். லாப்டாப்பில் வி.எல்.சி.யைத் திறந்தால் 'லோக்கல் நெட்வொர்க்' என்பதற்குக் கீழே மாடிக் கம்ப்யூட்டரின் பெயர் வரும். தட்டினால் பாட்டு. மூன்று நாளாக அந்தப் பெயரைக் காணோம்.

போனதும் முதல் வேலையாக மாடிக்கு ஏறி ஃபோல்டரைத் திறந்தேன். எல்லா ஃபைலும் பத்திரமாக இருந்தன. பாதி உயிர் வந்தது. இரண்டு பென் டிரைவில் பெரியம்மாவைக் காப்பி செய்து, ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டபின் மீதி உயிரும் வந்தது. (இதை 2016-லேயே செய்திருக்க வேண்டும். நான்தான் சோம்பேறி.)

"பாட்டு எங்கேயும் போகலை பெரியப்பா. லாப்டாப்புக்கு வழி தெரியலை, அவ்வளவுதான். வியாழக்கிழமை என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே. நெட் கனெக்ஷன்தான் புதுசா போட்டோம்."

'ஒண்ணும் மாத்தலையே'வுக்கு அடுத்த வாக்கியத்தில்தான் எப்போதும் சமாச்சாரம் இருக்கிறது.

லாப்டாப் எப்படி ஸர்வரைக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கதை புரிந்துவிடும். பஸ்ஸில் வந்து இறங்கினேனே, ஆரப்பாளையம், அங்கே நடப்பதுதான். கண்டக்டர் 'தேனி, சின்னமனூர், கம்பம்' என்று கத்துகிறார். பயணி 'தேனி வண்டி எது?' என்று கத்துகிறார். கம்ப்யூட்டரும் அப்படியே. ஸர்வர் அவ்வப்போது 'நான் இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். லாப்டாப் 'பாட்டு வைத்திருப்பவர் யாராவது உண்டா?' என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வி விடும். கூப்பாடு போட தனி விலாசமே உண்டு: 239.255.255.250, போர்ட் 1900. இந்த பாஷைக்கு எஸ்.எஸ்.டி.பி. என்று பெயர். ஒழுங்காக மூடப்பட்டால் ஸர்வர் போகும்போது 'பைபை' என்றே ஒரு செய்தி அனுப்பும். விளையாட்டில்லை, விதிமுறையிலேயே அந்த வார்த்தைதான். இதையெல்லாம் வைத்து வீட்டுச் சாமான்களை ஒன்றுக்கொன்று பேச வைக்க 2003-ல் பெரிய கம்பெனிகள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம்தான் டி.எல்.என்.ஏ. 2017-ல் சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். பாஷை மட்டும் டி.வி.க்களிலும் கம்ப்யூட்டர்களிலும் உயிரோடு இருக்கிறது.

முதல் சந்தேகம் லாப்டாப் மேல். புது நெட்வொர்க்கில் சேரும்போது, மற்ற கம்ப்யூட்டர்கள் உன்னைப் பார்க்கலாமா என்று விண்டோஸ் கேட்கும்.

"ஆமாண்டா, கேட்டான். எவனும் என்னைப் பார்க்கக் கூடாதுன்னு அமுக்கிட்டேன்."

ரயில்வே ஸ்டேஷனில் இது சரியான பதில். வீட்டில் தப்பு. 'பப்ளிக்' என்றிருந்ததை 'பிரைவேட்' ஆக்கினேன். வி.எல்.சி.யில் இன்னும் வெறுமைதான். அந்த டிஸ்கவரி சர்வீஸ் ஓடுகிறதா? ஓடியது. வி.பி.என். ஏதாவது? இல்லை. கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருக்கிறதா? (விருந்தாளிகளை வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பார்க்க விடாது அது.) அதுவும் இல்லை. பெரியப்பா என்னைக் கடைப் பையனைப் பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தார்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக்' தட்டினேன். லாப்டாப் விலாசம் 192.168.1.5. மாடிக்கு ஓடி அதிலும் தட்டினேன். 192.168.0.3.

பிடிபட்டது! வீட்டு நெட்வொர்க்குகளில் பொதுவாக முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 1, இன்னொன்றில் 0. வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்.

பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். புது ரூட்டரின் வாலில் பழைய ரூட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மாடிக் கம்ப்யூட்டர் பழையதில். லாப்டாப் புதியதில். இரண்டிலும் இன்டர்நெட் ஜோராக வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இந்த மாதிரிக் கூப்பாடுகளை ரூட்டர் சாதாரணமாக மறுபக்கம் தாண்ட விடாது. ஆரப்பாளையத்தில் தேனிக்குக் கத்தினால் மாட்டுத்தாவணியில் கேட்குமா?

மாடிக்குப் போகும் கேபிளைப் பழையதிலிருந்து உருவிப் புதியதில் செருகினேன். பழைய ரூட்டரை வைஃபைக்காக வைத்துக்கொள்ள விரும்பினால், அதில் டி.ஹெச்.சி.பி.யை அணைத்து, புதியதோடு மோதாத விலாசம் கொடுத்து, புதிய ரூட்டரிலிருந்து வரும் கேபிளை 'வான்' துளைக்குப் பதில் 'லேன்' துளையில் மாட்டினால் போதும். பெரியப்பாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. பரணுக்குப் போனது.

இப்போது விலாசம் 192.168.1.7. அப்பாடா என்று கீழே வந்தால், காணோம்! ஒரு நிமிஷம் எனக்கே ஃபார்மட் பண்ணலாமா என்று தோன்றிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. மாடிக் கம்ப்யூட்டருக்கும் இது புது ஊர், அதுவும் 'பப்ளிக்' என்று கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். மூன்றாவது தடவை மாடி ஏறினேன். பிரைவேட் ஆக்கி, மீடியா ஸ்ட்ரீமிங்கை மறுபடி ஆன் செய்து இறங்குவதற்குள் ஹாலிலிருந்து குரல்: "வந்துடுச்சுடா!"

சாயங்காலம் கடைப் பையன் வந்தான். காபி கொடுத்து அனுப்பினோம்.

பெரியப்பா ஈஸிசேரில் சாய்ந்து 1988-ஐத் தட்டினார். கொரகொரவென்று நாடாச் சத்தம், பிறகு பெரியம்மா. சரணத்தில் ஏறும்போது பின்னாலிருந்து குக்கர் விசில், மூன்று தடவை.

"அன்னிக்கு சுண்டல்டா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "குழைஞ்சு போச்சு."