காணிக்காரர் காட்டிய பச்சிலை

பொதிகை மலைச் சரிவுகளில், விருட்சங்கள் கவிந்து சூரிய கிரணங்கள் தரையை எட்டாவண்ணம் மறைத்து நிற்கும் ஈரமான ஓடைக்கரைகளில், இதய வடிவ இலையோடு ஒரு சிறு பூண்டு வளர்கிறது. ஆரோக்கியப்பச்சை என்பது அதன் பெயர். அம்மலைவாசிகளான காணிக்காரர், நெடுவழி நடக்கையில் இதன் காய்களைத் தின்று ஆயாசம் தோன்றாமல் செல்வது வழக்கம். 1987-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிமித்தம் அவ்வனத்துக்குச் சென்ற விஞ்ஞானிகள், தாங்கள் களைத்துச் சோர்ந்த வேளையிலும் வழிகாட்டிகள் உற்சாகம் குன்றாதிருக்கக் கண்டு காரணம் வினவ, முதலில் தயங்கிய அவர்கள் பின்னரே இச்செடியைக் காட்டினார்கள். கேரளத்துப் பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் இதனோடு அசுவகந்தி, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றையும் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தைச் செய்து, தயாரிப்பு உரிமையைக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு அளித்து, கிடைத்த தொகையில் சரிபாதியைக் காணிக்காரருக்கென ஒதுக்கினார்கள். மலைவாசிகளின் ஞானத்தை விலையின்றிக் கவர்ந்துகொள்வதே உலக வழக்கமாயிருக்க, இது மெச்சத்தக்க நியாயந்தான். இலங்கைக் காடுகளிலும் இவ்வினம் உண்டு. நிழலும் ஈரமும் நீங்காத காட்டுத் தரையே இதற்கு உகந்த வாசஸ்தலமாதலால், பொதிகைக்கு யாத்திரை செல்லும் நேயர்கள் இதனை வேறிடத்தில் நடுவதற்கெனப் பறிக்க முற்படாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.